தண்ணீருக்குப் பூட்டு போட்டவர்

அந்த வட்டாரத்தில் குழாய் ஒழுகினாலும் சாக்கடை அடைத்துக்கொண்டாலும் எல்லோரும் கூப்பிடுவது அந்தப் பிளம்பரைத்தான். நல்ல உயரம். சமையலறை சிங்குகளுக்கு அடியில் மடங்கிப் படுத்தே நாற்பது வயதுக்குள் முதுகு லேசாக வளைந்துவிட்டது. வாயில் எப்போதும் ஒரு நக்கல் தயாராக இருக்கும். "தண்ணி நிக்கவே மாட்டேங்குது, சீக்கிரம் வாங்களேன்" என்று யாராவது பதறினால், "நீங்க சொன்னா நிக்காதுங்க. நான் வந்து மிரட்டினாத்தான் நிக்கும்" என்பார்.

அவருக்கு ஒரே பெண். ஓரிடத்தில் உட்கார மாட்டாள் என்பதால் வாலு என்று கூப்பிட ஆரம்பித்து அதுவே நிலைத்துவிட்டது. பள்ளி இல்லாத நாட்களில் அப்பாவின் பைக்கில் தொற்றிக்கொண்டு வேலைக்குப் போவாள். பிளம்பர் சிங்குக்கு அடியிலிருந்து கையை மட்டும் நீட்டுவார். எந்த ஸ்பானர் என்று அவர் வாய் திறப்பதற்குள் அது கையில் வந்து விழும். அடைப்பு எடுக்கும்போது எட்டிப் பார்த்துவிட்டு, "ஐயே, முடி!" என்று மூக்கைப் பிடித்துக்கொண்டு குதிப்பாள்.

ஒன்பது வயதில், காலையில் எழுந்தால் அவள் முகம் வீங்கியிருந்தது. தூக்கம் அதிகமாகிவிட்டது என்று நினைத்தார்கள். பிறகு ஷூவுக்குள் பாதம் நுழையவில்லை என்று அழுதாள். பிள்ளை வளர்கிறாள் என்று புது ஷூ வாங்கிக் கொடுத்தார்கள். அதுவும் நுழையாமல் போன பிறகுதான் ஆஸ்பத்திரிக்குப் போனார்கள். இரண்டு சிறுநீரகமும் வேலை செய்யவில்லை என்றார் டாக்டர். வேறு ஒன்று பொருத்த வேண்டும். "என்னுத எடுத்துக்கோங்க" என்று பிளம்பர் அந்த நிமிடமே சட்டைக் கையை மடித்தார், ஏதோ ஊசி போட்டு எடுத்துவிடுவார்கள் என்பது போல. அவருடைய ரத்த வகை மகளுக்குச் சேரவில்லை. மனைவிக்குச் சர்க்கரை நோய் இருந்ததால் அவளிடமிருந்தும் எடுக்க முடியாது என்றார்கள். யாரிடமிருந்தாவது தானமாகக் கிடைக்கும்வரை காத்திருக்க வேண்டும். அதுவரை வாரம் மூன்று முறை டயாலிசிஸ். ரத்தத்தை வெளியே எடுத்து இயந்திரத்தில் சுத்தம் செய்து உள்ளே விட வேண்டும்.

வாலுவுக்குச் சிறுநீர் ஏறக்குறைய நின்றேவிட்டது. குடிக்கிற தண்ணீர் எல்லாம் உடம்பிலேயே தங்கும். அளவு மீறினால் நுரையீரலில் போய் நிற்கும். "ஒரு நாளைக்கு அரை லிட்டர். பால், மாத்திரை முழுங்கற தண்ணி எல்லாம் அதுக்குள்ளதான். உப்பு சேக்கவே கூடாது, உப்பு தின்னா தாகம் பிச்சுக்கிட்டு வரும்" என்று டாக்டர் பெற்றவர்கள் இருவரையும் அறைக்குள் அழைத்து உட்கார வைத்துச் சொன்னார். பிளம்பர் மூன்று முறை திரும்பக் கேட்டு மனப்பாடம் செய்துகொண்டார். இனிமேல் மகளின் உயிர் தன் கையில்தான் இருக்கிறது என்று அவருக்குத் தோன்றியது.

மனைவி ஒரு சூப்பர் மார்க்கெட்டில் பில் போடுகிற வேலையில் இருந்தாள். நாள் முழுக்க நிற்க வேண்டும், லீவு கிடைக்காது. எனவே தண்ணீர் கொடுக்கிற பொறுப்பைப் பிளம்பரே எடுத்துக்கொண்டார். காலையில் கொஞ்சம், மத்தியானம் ஓடி வந்து கொஞ்சம், சாயங்காலம் கொஞ்சம் என்று கையால் அளந்து ஊற்றுவார். வாலு வாங்கி ஒரே மடக்கில் குடித்துவிட்டு டம்ளரை நீட்டிக்கொண்டே நிற்பாள்.

"அப்பா, இன்னும் கொஞ்சம்."

"கெடையாது."

"அப்பா, நாக்கு ஒட்டுதுப்பா."

"கெடையாதுன்னா கெடையாது."

சில நாட்களில் அந்த முகத்தைப் பார்க்க முடியாமல் இரண்டு மடக்கு கூடுதலாக ஊற்றிவிடுவார். மறுநாள் டயாலிசிஸ் பிரிவில் எடை பார்க்கும்போது முள் எகிறும். வீட்டுக்கு வந்ததும் அன்றைய பங்கைக் குறைப்பார்.

அவருக்குத் தெரியாமல் அவள் திருட ஆரம்பித்தாள். குளிக்கப் போனால் வெளியே வரமாட்டாள். பிளம்பர் குளியலறைக் குழாய்களின் கைப்பிடிகளைக் கழற்றித் தன் கருவிப் பையில் போட்டுக்கொண்டார். அப்புறமும் எடை ஏறியது. ஒரு நாள் வேலையிலிருந்து திரும்பிய மனைவி, வாலுவின் சட்டைக் கை முழங்கை வரை நனைந்திருப்பதைப் பார்த்தாள். கழிப்பறை ஃப்ளஷ் டேங்கின் மூடி சற்று விலகியிருந்தது.

மனைவி சொன்னதைக் கேட்டதும் பிளம்பர், "அந்தத் தண்ணியையா குடிச்ச? நாய் கூட மோந்து பாக்காதே!" என்று கத்தினார். வாலு சுவரோடு ஒட்டி நின்றாள். அவர் கையை ஓங்கிவிட்டு, அந்தக் கையாலேயே தன் நெற்றியில் அடித்துக்கொண்டார்.

அன்றே படிக்கட்டுக்குக் கீழே, வீட்டுக்குள் தண்ணீர் வரும் மெயின் வால்வுக்கு ஒரு இரும்புக் கூடு செய்து பூட்டினார். சாவி அவர் இடுப்பில். மனைவி வந்தால் பாத்திரம் கழுவக்கூட அவருக்கு ஃபோன் செய்ய வேண்டும்.

"ஊருக்கெல்லாம் தண்ணி வர வைக்கிற மனுஷன், நான் கை கழுவ உங்ககிட்ட மனு போடணுமா?" என்று அவள் சிரித்தபடிதான் ஆரம்பித்தாள். முடிக்கும்போது குரல் உடைந்துவிட்டது. "இது வீடாங்க? ஜெயிலா?"

"ஜெயில்னே வச்சுக்கோ. உயிரோட இருக்கணும்ல?"

பள்ளிக்கூடத்தில் வரிசையாகக் குடிதண்ணீர்க் குழாய்கள் இருந்தன. ஆகவே பள்ளியும் நின்றது. பகலில் மாடி வீட்டு அக்காவிடம் விட்டுவிட்டுப் போனார். அந்த அக்கா வீட்டிலேயே துணி தைத்துக் கொடுப்பவர். குழந்தை இல்லாதவர், வாலுவிடம் உயிரையே வைத்திருந்தார். "அக்கா, கெஞ்சுவா. அழுவா. ஒரு சொட்டு கூடக் குடுத்துடாதீங்க" என்று பிளம்பர் கையெடுத்துக் கும்பிட்டுச் சொல்லியிருந்தார்.

மாடி அக்கா சொன்ன சொல்லைக் காப்பாற்றினார். ஆனால் பிள்ளை வாடிய முகத்தோடு தையல் மெஷினுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருப்பதைப் பார்த்துக்கொண்டு எப்படிச் சும்மா இருப்பது? தண்ணீர்தானே கூடாது என்று ஒரு சனிக்கிழமை சிப்ஸ் பாக்கெட் வாங்கிக் கொடுத்தார். வாலு உப்பை விரலில் ஒற்றி ஒற்றி நக்கித் தீர்த்தாள். மறுநாளும் கொடுத்தார். அக்கா அளவெடுக்கக் கீழ்த் தெருவுக்குப் போன நேரத்தில், இஸ்திரி போடும்போது துணிமேல் தெளிக்க வைத்திருந்த பாட்டில் தண்ணீரை அவள் முழுக்கக் குடித்துவிட்டு, அக்கா வீட்டுக் குழாயிலேயே நிரப்பி அதே இடத்தில் வைத்தாள். அப்படி எத்தனை முறை என்று பிறகு அவளுக்கே சொல்லத் தெரியவில்லை.

திங்கட்கிழமை முற்பகல். பிளம்பர் ஒரு வீட்டில் சிங்குக்கு அடியில் படுத்திருந்தார். ஃபோன் அடித்தது. மாடி அக்கா பேசவில்லை, அலறினார். "படுக்க மாட்டேங்குறா... மூச்சு விட முடியல... சீக்கிரம் வாங்க!"

திறந்த பைப்பை அப்படியே விட்டுவிட்டு ஓடினார். வாலு நாற்காலியில் முன்னால் குனிந்து, இரண்டு கைகளையும் முழங்காலில் ஊன்றி உட்கார்ந்திருந்தாள். உதடு நீலம் பாரித்திருந்தது. ஒவ்வொரு மூச்சுக்கும் மார்பில் ஏதோ கொதிப்பது போலச் சத்தம் கேட்டது. அப்பாவைப் பார்த்ததும், "குடிக்கலப்பா" என்றாள். அந்த நிலையிலும் அவள் சொன்ன முதல் வார்த்தை அதுதான்.

ஆட்டோவில் மடியில் நிமிர்த்தி உட்கார வைத்துக்கொண்டு போனார். போகிற வழியெல்லாம், "சாகாதடி, சாகாதடி" என்று வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே போனார் என்று ஆட்டோக்காரர் பிறகு சொன்னார். அவருக்கு அது நினைவில் இல்லை.

அவசர டயாலிசிஸ் போட்டார்கள். மனைவி சூப்பர் மார்க்கெட் சீருடையிலேயே வந்து சேர்ந்தாள். இருவரும் கண்ணாடிக் கதவுக்கு வெளியே நின்றார்கள். யாரும் யாரையும் குற்றம் சொல்லவில்லை. சொல்வதற்குத் தெம்பு இல்லை. பிளம்பர் இடுப்பிலிருந்த சாவியைத் தடவித் தடவிப் பார்த்துக்கொண்டிருந்தார். எல்லாவற்றையும் பூட்டினேனே, எதை விட்டேன் என்று அவருக்குப் புரியவே இல்லை.

சாயங்காலம் மூச்சு சீரானது. ஆக்சிஜன் முகமூடியைக் கழற்றியிருந்தார்கள். டயாலிசிஸ் பிரிவின் மூத்த நர்ஸ் கட்டில் ஓரம் வந்து நின்றாள். கறார் பேர்வழி; எடை ஏறி வரும் பெரியவர்களையே வாங்கு வாங்கு என்று வாங்குபவள். ஆனால் அன்று குரலை உயர்த்தவில்லை.

"ஏம்மா இவ்ளோ குடிச்ச? ஒனக்கு எவ்ளோ அளவுன்னு தெரியும்ல?"

வாலு தலையை அசைத்தாள். "தெரியாது."

"தெரியாதா?"

"யாரும் எங்கிட்ட சொல்லலையே. அப்பாக்குக் கோவம் வந்தா கொறைப்பாரு. நல்ல மூடுல இருந்தா ரெண்டு மடக்கு கூட ஊத்துவாரு." கொஞ்சம் மூச்சு வாங்கிக்கொண்டாள். "நான் எதோ தப்பு பண்ணிட்டேன், அதுக்குத்தான் தண்ணி தர மாட்டேங்குறாங்கன்னு நெனச்சேன். சமத்தா இருந்தா பூட்ட எடுத்துடுவாருன்னு..."

நர்ஸ் பெற்றவர்களைத் திரும்பிப் பார்த்தாள். மனைவி வாயைப் பொத்திக்கொண்டு சுவர்ப்பக்கம் திரும்பினாள். டாக்டர் சொன்ன அன்று வாலுவை வெளியே பெஞ்சில் உட்கார வைத்து, கையில் ஃபோனைக் கொடுத்துவிட்டுத்தான் இவர்கள் உள்ளே போயிருந்தார்கள். அதன் பிறகு டாக்டர் இவர்களிடம் பேசினார், இவர்கள் மாடி அக்காவிடம் பேசினார்கள், எல்லோரும் அவள் தலைக்கு மேலேயே பேசிக்கொண்டிருந்தார்கள்.

"பாப்பாவோட அப்பா, கொஞ்சம் வாங்க" என்று நர்ஸ் அவரை நடைவழிக்கு அழைத்தாள். "நீங்க போலீஸ் வேல பாக்குறீங்க. அதனால அவ திருடி வேல பாக்குறா. நாளைக்கு இவ பெரிய பொண்ணாவா, காலேஜ் போவா, வேலைக்குப் போவா. எத்தன குழாய்க்குப் பூட்டு போடுவீங்க?"

"பூட்டலைன்னா செத்துருவா சிஸ்டர்."

"பூட்டியும் இன்னிக்கு அதானே நடக்கப் பாத்துது?"

நடைவழியில் யாரோ பாட்டிலை அண்ணாந்து குடித்துக்கொண்டு போனார்கள். பிளம்பர் அந்தச் சத்தத்தைக் கேட்க முடியாமல் ஜன்னல் பக்கம் போய் நின்றார்.

அடுத்த டயாலிசிஸ் அன்று அவர் கட்டிலுக்குப் பக்கத்தில் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்தார். எப்படி ஆரம்பிப்பது என்று தெரியவில்லை. தெரிந்த வேலையை வைத்தே ஆரம்பித்தார்.

"ஒரு தொட்டி இருக்குன்னு வச்சுக்கோ. மேல தண்ணி வர ஒரு பைப்பு, கீழ போக ஒரு பைப்பு. கீழ இருக்கறது அடைச்சுக்கிச்சு. மேல தொறந்து விட்டா என்னாகும்?"

"ரொம்பி வழியும்."

"ஒன் ஒடம்பு வழியாதுடா. உள்ளயே நிக்கும். அன்னிக்கு மூச்சு முட்டுச்சே, அது நெஞ்சுல தண்ணி நின்னதுதான்."

வாலு தன் கையில் செருகியிருந்த இரண்டு குழாய்களையும் பார்த்துக்கொண்டே யோசித்தாள். பிறகு வெகு இயல்பாக, "அப்ப நீங்க அடைப்பெடுங்கப்பா" என்றாள்.

"இந்த அடைப்பு எடுக்க எனக்குத் தெரியலடா கண்ணு" என்றார் பிளம்பர். மகள் முன்னால் அவர் அழுதது அதுதான் முதல் முறை. "நீ ஒரு தப்பும் பண்ணல. யாரும் பண்ணல. ஒரு நாளைக்கு அரை லிட்டரு. அதுக்குமேல போனா ஆபத்து. உப்பு தின்னா தாகம் பிச்சுக்கிட்டு வரும், அதயும் தொடக்கூடாது. அது ஒன்னோட தண்ணி. எப்பக் குடிக்கணும்னு இனிமே நீயே பாத்துக்கோ."

அன்றே இரும்புக் கூட்டை அறுத்து எடுத்தார். குளியலறைக் கைப்பிடிகளை மாட்டினார். மறுநாள் காலையில் ஒரு பாட்டிலில் அரை லிட்டர் நிரப்பி அவள் கையில் கொடுத்தார். மாடி அக்காவிடம் உப்பைப் பற்றி வாலுவே போய்ச் சொன்னாள். அக்கா முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு அழுததைப் பார்த்து, "நீங்களும் தெரியாமத்தானே குடுத்தீங்க" என்று அவளே சமாதானம் செய்தாள்.

இப்படிச் செய்ததும் எல்லாம் நேராகிவிட்டது என்று யாரும் நினைக்க வேண்டாம். முதல் நாள் காலைப் பொழுது போவதற்குள் பாட்டில் காலி. அப்புறம் மாலை வரை தரையில் கிடந்து அழுதாள். மறுநாளும் அதே கதை. எடை ஏறியது. பிளம்பர் மறுபடியும் பூட்டைத் தேட ஆரம்பித்தார். மனைவிதான் கையைப் பிடித்துத் தடுத்தாள். "இன்னும் ஒரு வாரம் பாக்கலாம்ங்க. எனக்கும் பயமாத்தான் இருக்கு."

அந்த வாரத்தில் ஒரு சாயங்காலம் வாலுவே அவரிடம் வந்தாள். கண் சிவந்திருந்தது.

"அப்பா, பூட்டிடுங்கப்பா."

"எதை?"

"எல்லாத்தையும். தொறந்திருந்தா அதயே நெனச்சுக்கிட்டு இருக்கேன். நீங்க பூட்டிட்டா ஒங்கமேல கோவப்பட்டுட்டு இருந்துடுவேன். இது கஷ்டமா இருக்கு."

பூட்டிவிட வேண்டும் என்று அவர் கை பரபரத்தது. மகளே கேட்கிறாள், இதைவிட வேறென்ன வேண்டும்? ஆனால் நர்ஸ் கேட்ட கேள்வி காதிலேயே நின்றது. "பூட்டலடா. கூட உக்காந்திருக்கேன்" என்றார். சமையலறை வாசலில் இருவரும் உட்கார்ந்தார்கள். அவள் அவர் தோளில் முகத்தைப் புதைத்துக்கொண்டு கறுவினாள், கிள்ளினாள், ஒரு கட்டத்தில் கடித்தும் வைத்தாள். அவர் அசையவில்லை. அன்று அவள் குழாய்ப் பக்கம் போகவில்லை.

அரை லிட்டர் என்றால் என்ன என்று தானும் பார்த்துவிட நினைத்தார் பிளம்பர். ஒரு நாள் அதே அளவு பாட்டிலோடு வேலைக்குப் போனார். மொட்டை மாடியில் தொட்டி மாற்றும் வேலை, கொளுத்துகிற வெயில். பதினோரு மணிக்கே பாட்டில் தீர்ந்தது. மத்தியானம் நாக்கு மரக்கட்டை ஆனது. வேறு எதிலும் புத்தி போகவில்லை. கையில் இருந்த பைப்பிலிருந்து சொட்டிய தண்ணீரையே வெறித்துக்கொண்டிருந்தார். கடைசியில் மாட்டிய வரைக்கும் போதும் என்று கீழே இறங்கி, அந்த வீட்டு வெளிக்குழாயில் வாயை வைத்து, மூச்சு முட்டக் குடித்தார். குடித்து முடித்து அங்கேயே குத்துக்காலிட்டு உட்கார்ந்துவிட்டார். மாதக்கணக்கில் இந்தத் தாகத்தோடு இருக்கும் ஒரு பிள்ளையைப் பார்த்துத்தான் நாய் கூட மோந்து பார்க்காது என்று கத்தினோம் என்று நினைத்தபோது எழுந்திருக்கவே முடியவில்லை.

அதை மகளிடம் சொன்னார். அவள் கண்ணை விரித்தாள்.

"எத்தன மணி வரைக்கும் தாங்குனீங்க?"

"ரெண்டு மணி."

"அவ்ளோதானா? நான் நேத்து நாலு மணி வரைக்கும் பாட்டில்ல பாதி வச்சிருந்தேனே!" வெகு நாளைக்குப் பிறகு அவள் சிரித்தாள். "மடக்கு மடக்குனு குடிச்சா நிக்காதுப்பா. மாத்திரை டப்பா மூடில ஊத்திக் குடிக்கணும். கொஞ்சத்த ஐஸ் ஆக்கிட்டா ரொம்ப நேரம் வாயில இருக்கும். ரொம்ப முடியலைன்னா வாய் கொப்பளிச்சுத் துப்பணும். துப்பறதுதான் கஷ்டம்."

யாரும் கற்றுத் தராமல் இதையெல்லாம் அவளே கண்டுபிடித்திருந்தாள். சாப்பாட்டுத் தட்டில் எது தாகத்தைக் கிளப்புகிறது என்றும் கவனிக்க ஆரம்பித்திருந்தாள். அம்மா வேலை பார்க்கும் சூப்பர் மார்க்கெட்டில் நின்று பிஸ்கட் பாக்கெட்டின் பின்பக்கத்தை எழுத்துக்கூட்டிப் படித்து, "இதுல உப்பு இருக்கு, வேணாம்" என்று அவளே திருப்பி வைத்தபோது, பில் போடும் இடத்தில் நின்ற அம்மா அடுத்த ஆளுக்குத் தப்பாகப் பில் போட்டுவிட்டாள்.

சில வாரங்கள் எடை அளவுக்குள் இருந்தது. சில வாரங்கள் இல்லை. பள்ளிக்கூடம் போக வேண்டும் என்று வாலு கேட்டபோது எல்லாம் பிளம்பர் கண்முன் வந்து நின்றன: அந்தக் குழாய் வரிசை, ஓடி விளையாடும் பிள்ளைகள், வெயில். ஆனாலும் கொண்டுபோய் விட்டார். அன்று முழுக்க எதிர்ப்புறக் கடையோரம் நிற்பது என்று முடிவு செய்திருந்தார். மதில் உயரம், உள்ளே என்ன நடக்கிறது என்று ஒன்றும் தெரியவில்லை. இடைவேளை மணி அடித்தது. பிள்ளைகளின் இரைச்சல் கேட்டது. அதில் யார் குடிக்கிறார்கள், யார் குடிக்காமல் நிற்கிறார்கள் என்று எப்படிக் கண்டுபிடிப்பது? ஒரு வீட்டில் பைப் வெடித்து ஹாலெல்லாம் தண்ணீர் என்று ஃபோன் வந்தது. மதிலை ஒரு முறை பார்த்துவிட்டு பைக்கை எடுத்தார். அந்த வேலையில் இரண்டு முறை நட்டைக் கோணலாக மாட்டிக் கழற்றினார்.

இரண்டு நாள் கழித்து டயாலிசிஸ். எடை பார்க்கும் கருவியில் ஏறுவதற்கு முன்னாலேயே வாலு நர்ஸிடம் சொன்னாள்:

"சிஸ்டர், இன்னிக்குக் கூடத்தான் இருக்கும். நேத்து ஸ்கூல்ல ஓடிப் பிடிச்சு வெளையாடினோம். எல்லாரும் குடிச்சாங்க. நானும் குடிச்சுட்டேன். நெறைய. அப்புறம் சாயங்காலமும் காலைலயும் கொறச்சேன். ஆனா சரியாயிருக்காது."

ஏறி நின்றாள். கூடத்தான் இருந்தது. ஏன் குடித்தாய் என்று பிளம்பரின் நாக்கு நுனி வரை வந்தது. நர்ஸ் அவரை ஒரு பார்வை பார்த்தாள். அவர் வாயை மூடிக்கொண்டார்.

"நல்ல வேள, முன்னாடியே சொன்ன" என்றாள் நர்ஸ். "மெஷின்ல அதிகமா எடுக்கணும். கடைசில கால் இழுக்கும், தாங்கிக்கிறியா?"

"ம்."

கடைசி அரை மணி நேரம் இழுக்கத்தான் செய்தது. கெண்டைக்கால் கல்லாக இறுகி, வாலு பல்லைக் கடித்துக்கொண்டு துடித்தாள். பிளம்பர் இரண்டு கைகளாலும் அந்தக் குச்சிக் கால்களைப் பிடித்து நீவிக்கொண்டே இருந்தார். சிறுநீரகம் பற்றி ஆஸ்பத்திரியிலிருந்து இன்னும் எந்தச் செய்தியும் இல்லை. இந்த வருடமா, அடுத்த வருடமா என்று யாருக்கும் தெரியாது. இப்படி எத்தனை வாரம் இந்தக் கால்களை நீவ வேண்டியிருக்கும் என்று நினைத்தால் அவருக்குக் கண் இருட்டியது.

வலி சற்றுத் தணிந்ததும் வாலு கண்ணைத் திறந்தாள். வேர்த்திருந்தாள்.

"அப்பா, நாளைக்கும் ஸ்கூலுக்குப் போவேன்."

"அங்க குழாய் இருக்கும்."

"இருக்கட்டும்."

பிளம்பர் நீவிய கையை எடுக்காமல் அவள் முகத்தைப் பார்த்தார்.

"சரி, போ" என்றார்.